‘செத்துப்போச்சு’ என்று நாலு முறை சொல்லிவிட்டார்கள். இடிஎம் ஏன் இன்னும் ஓயவில்லை?

2025 ஜூலை 16. பெல்ஜியத்தின் போம் என்ற சிற்றூரில், உலகின் மிகப் பெரிய எலெக்ட்ரானிக் நடன இசை விழாக்களில் ஒன்றான டுமாரோலேண்ட் தொடங்க இரண்டே நாள் பாக்கி. பிரதான மேடை தீப்பிடித்து எரிந்து கரியாகிப்போனது. விழா ரத்து என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால், குறித்த நாளில் விழா தொடங்கியது. எரிந்த மேடையின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் அவசர அவசரமாக வேறொரு மேடை எழுந்தது. மெட்டாலிகா ராக் இசைக்குழு தன்னுடைய மேடைப் பாகங்களைக் கொடுத்து உதவியது. கூட்டம் வந்தது, ஆடியது.

‘இந்த இசையெல்லாம் ஒரு சீசன் சமாச்சாரம்’ என்று சொன்னவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும். அப்படிச் சொல்வது புதிதும் அல்ல. 1979-ல் ஒரு முறை, 1994-ல் ஒரு முறை, 1990களின் கடைசியில் ஒரு முறை, 2016-ல் ஒரு முறை என நடன இசைக்கு இரங்கல் செய்தி வாசிப்பது கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று உண்மையிலேயே செத்தது. ஆனால் செத்தது இசையைச் சுற்றி இருந்த வியாபாரமோ ஃபேஷனோதான். இசை அடுத்த அறைக்குப் போய்விட்டது. இந்த வித்தியாசம் புரிந்தால், இடிஎம் ஏன் நிலைத்து நிற்கிறது என்பதும், இனி எதனால் அது உண்மையிலேயே ஆட்டம் காணலாம் என்பதும் புரியும்.

முதலில், இடிஎம் என்றால் என்ன?

‘எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்’ என்பதன் சுருக்கம். ஒரே இசை வகையின் பெயர் இல்லை. ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டுப் பெயர் மாதிரி. ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டப்ஸ்டெப், டிரம் அண்ட் பேஸ் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஹவுஸ் இசை நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடி வேகத்தில் போகும். ஒவ்வொரு அடிக்கும் ‘தும்’ என்று ஒரு கிக் டிரம் விழும். டிரம் அண்ட் பேஸ் என்றால் வேகம் 170-ஐத் தாண்டிவிடும்.

பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போய், ஒரு நொடி எல்லாம் நின்று, அப்புறம் பேஸோடு மொத்தமாக இறங்குமே, அதற்குப் பெயர் டிராப். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய ஃபெஸ்டிவல் மேடைகளை ஆண்டது இந்த டிராப்தான். ‘இடிஎம்’ என்றாலே பலருக்கு நினைவு வருவதும் அந்தக் காலத்து சத்தம்தான். ஆக, இந்தச் சொல்லுக்குக் குறுகிய பொருள் ஒன்று, விரிந்த பொருள் ஒன்று. ‘செத்துப்போச்சு’ என்பவர்கள் குறுகிய பொருளில் பேசுகிறார்கள். நிற்பது விரிந்த பொருளில் உள்ள இசை.

முதல் இரங்கல்: சிகாகோ, 1979

1970களின் கடைசியில் அமெரிக்காவில் எங்கு திரும்பினாலும் டிஸ்கோ. கூடவே அதன்மீது எரிச்சலும் வளர்ந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஸ்டீவ் டால் என்ற ரேடியோ டிஜே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். கையில் ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் டிக்கெட் வெறும் 98 சென்ட். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, சேர்ந்த ரெக்கார்டுகளை மைதானத்தில் வைத்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உள்ளே பாய்ந்தார்கள். கலவரத்தில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை.

அன்றைக்கு அந்த மைதானத்தில், வருபவர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன். சிந்தசைசர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர். மக்கள் கொண்டுவந்த ரெக்கார்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளும் நிறைய இருந்ததை அவர் கவனித்தார். வெடித்தது இசை மீதான எரிச்சல் மட்டும்தானா என்ற கேள்வியை அமெரிக்கா இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

டிஸ்கோவின் மார்க்கெட் அதற்குப் பிறகு சரிந்தது நிஜம். ஆனால் அதே சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே ரெக்கார்டுகளைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் வம்சாவளித் தன்பாலீர்ப்பாளர்கள். வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். புதிய டிஸ்கோ ரெக்கார்டுகள் வரத்து குறைந்தபோது, பழையதையே நீட்டி, வெட்டி, டிரம் மெஷின் சேர்த்து வாசித்தார்கள். அந்தக் கிளப்பின் பெயரில் பாதியை எடுத்துக்கொண்டு பிறந்ததுதான் ‘ஹவுஸ்’. முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பலராலும் சொல்லப்படும் ‘ஆன் அண்ட் ஆன்’ 1984-ல் வந்தது. ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து அதை எழுதியவர் வேறு யாருமல்ல, அன்று மைதானத்தில் இருக்கை காட்டிய அதே வின்ஸ் லாரன்ஸ்.

யாரும் வாங்காத பெட்டி

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சின்னப் பெட்டி ஒன்றை விற்றது. கிட்டார் வாசிப்பவர் தனியாகப் பயிற்சி செய்யும்போது, கூட பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பதுதான் நோக்கம். படுதோல்வி. ஒலி நிஜ பேஸ் கிட்டார் மாதிரி இல்லவே இல்லை. சில ஆண்டுகளில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பெட்டிகள் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன.

அப்படி மலிவாகக் கிடைத்த ஒன்றை வைத்துக்கொண்டு சிகாகோவின் ஃபியூச்சர் என்ற மூன்று பேர் குழு திருகு பட்டன்களைத் தாறுமாறாகத் திருப்பியது. பெட்டி அழுதது, கத்தியது, வளைந்தது. 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ ஆக வெளிவந்தது அதுதான். ரான் ஹார்டி என்ற டிஜே தன் கிளப்பில் முதல் முறை இதைப் போட்டபோது கூட்டம் விலகி நின்றதாகவும், அதே இரவில் நான்காவது முறை போட்டபோது தலைகால் தெரியாமல் ஆடியதாகவும் சொல்வார்கள். ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற புது வகை பிறந்தது.

இந்தக் கதைக்கு ஒரு மும்பை கிளையும் உண்டு. இந்தித் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், இதே டிபி-303 பெட்டியையும் ரோலண்டின் 808 டிரம் மெஷினையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982-ல் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால். ஆனா, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் ‘இது ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கே!’ என்று உலகம் வாய்பிளந்தது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 2015-ல் காலமானார்.

ஒரே பெட்டி, இரண்டு ஊர். மும்பையில் அது ஆல்பமாகி அலமாரியில் தூங்கியது. சிகாகோவில் ஓர் இயக்கமானது. ஏன்? சிகாகோவில் அந்தச் சத்தத்தை அன்றிரவே போட்டுப் பார்க்க ஓர் அறை இருந்தது. ‘பிடிக்கல’ என்று விலகி, பிறகு மனம் மாற ஒரு கூட்டம் இருந்தது. இந்த இசையின் ஆயுள் ரகசியத்தில் பாதி இங்கேயே இருக்கிறது.

சட்டம் போட்டும் நிற்காத பீட்

ஆசிட் ஹவுஸ் 1988-ல் பிரிட்டனைப் பிடித்துக்கொண்டது. கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் விடிய விடிய ரேவ். 1992 மே மாதம் காஸில்மார்ட்டன் என்ற இடத்தில் பல்லாயிரம் பேர் நாள்கணக்கில் கூடி ஆட, அரசு விழித்துக்கொண்டது. 1994-ல் வந்த குற்றவியல் சட்டம், திறந்தவெளியில் இரவில் கூடும் இத்தகைய கூட்டங்களைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம் கொடுத்தது. எந்த இசை என்று விளக்கும் இடத்தில், திரும்பத் திரும்ப வரும் பீட்டைக் கொண்ட இசை என்றே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். பதிலுக்கு ஆட்டெக்கர் என்ற இருவர் குழு, எந்த இரண்டு தாள வட்டமும் ஒன்றுபோல இல்லாத ஒரு டிராக்கை வெளியிட்டுச் சட்டத்தைக் கிண்டல் செய்தது.

வயல் பூட்டப்பட்டது, ஆட்டம் லைசென்ஸ் வாங்கிய கிளப்புகளுக்குள் போனது. அங்கே டிக்கெட், பார், பிராண்ட், சிடி விற்பனை எல்லாம் சேர்ந்தன. தடை செய்யப்போனவர்களே ஒரு தொழில்துறை உருவாக உதவிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஜெர்மனியில் கதை வேறு. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, நகரின் கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யார் என்றே தெரியாத கட்டடங்கள் ஏராளம் கிடந்தன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் வளர்த்தெடுத்த டெக்னோ அங்கே குடியேறியது. பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் பாதாளப் பெட்டக அறையில் 1991-ல் டிரெசோர் கிளப் திறந்தது. 2024-ல் பெர்லினின் டெக்னோ கலாச்சாரம், யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் ஜெர்மனி வைத்திருக்கும் மரபுப் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது. ஒரு நாட்டில் சட்டம் போட்டு விரட்டிய பீட், பக்கத்து நாட்டில் பாரம்பரியம்!

அமெரிக்கா இரண்டு முறை ‘கண்டுபிடித்த’ இசை

இசை பிறந்தது அமெரிக்காவில். ஆனால் அமெரிக்க மெயின்ஸ்ட்ரீம் அதைத் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. 1997-ல் ‘எலெக்ட்ரானிகா’ என்று பெயர் சூட்டி, அடுத்த பெரிய அலை இதுதான் என்று இசை கம்பெனிகள் ஓவர் பில்டப் கொடுத்தன. பிரிட்டனின் தி பிராடிஜி குழுவின் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம்கூடப் பிடித்தது. ஆனால் அலை வரவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. மூன்றாவது இரங்கல்.

இரண்டாவது கண்டுபிடிப்பு 2009-ல். டேவிட் கெட்டா தயாரித்த பிளாக் ஐட் பீஸ் குழுவின் ‘ஐ காட்டா ஃபீலிங்’ பில்போர்டில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2011-ல் ரிஹானாவும் கால்வின் ஹாரிஸும் சேர்ந்த ‘வி ஃபவுண்ட் லவ்’ 10 வாரம். 2012-ல் ஸ்க்ரில்லெக்ஸ் ஒரே இரவில் மூன்று கிராமி விருதுகளை அள்ளினார். 2013-ல் மார்ட்டின் காரிக்ஸ் என்ற 17 வயது டச்சுப் பையன் ‘அனிமல்ஸ்’ மூலம் உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானார். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் டிஜேக்களுக்கு ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போட்டன.

இந்த முறை எடுபட்டதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. ரெக்கார்டு விற்பனை இணையத்தால் சரிந்து, வருமானம் நேரடி நிகழ்ச்சிகளுக்கு நகர்ந்த காலம் அது. ஐந்து பேர் குழுவையும் லாரி நிறைய வாத்தியங்களையும் ஏற்றிச் செல்ல வேண்டிய இடத்தில், ஒரு டிஜேயும் யுஎஸ்பி டிரைவும் போதும். நேற்று இபிசா, இன்று மியாமி என்று பறக்கலாம். பாட்டு யூடியூபில் இலவசம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் நிற்கும் அனுபவத்தை டவுன்லோட் செய்ய முடியாது.

குமிழி உடைந்த கதை

பணம் இருக்கும் இடத்துக்குப் பெரும்பணம் வரும். ராபர்ட் சில்லர்மேன் என்ற தொழிலதிபரின் எஸ்எஃப்எக்ஸ் நிறுவனம் உலகெங்கும் நடன இசை விழாக்களையும், டிஜேக்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட் தளத்தையும் வாங்கிக் குவித்தது. 2013 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்து, பங்கு 13 டாலர் வீதம் சுமார் 26 கோடி டாலர் திரட்டியது. 2015-ல் அந்நிறுவனம் ஜார்ஜியாவில் நடத்திய விழா மழையிலும் சேற்றிலும் மாட்டிக்கொள்ள, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இரவில் வீடு திரும்ப வழியின்றி நடுரோட்டில் தவித்தார்கள். 2016 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு போட்டது.

‘இடிஎம் குமிழி உடைந்தது’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. தவறும் இல்லை, குமிழி இருந்தது, உடைந்தது. ஆனால் உடைந்தது ஒரு பேலன்ஸ் ஷீட். எஸ்எஃப்எக்ஸ் திவாலான அதே 2016-ல் தி செயின்ஸ்மோக்கர்ஸ் குழுவின் ‘குளோசர்’ 12 வாரம் முதலிடத்தில் நின்றது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

அப்புறம் எங்கே போச்சு?

எல்லா இடத்துக்கும் போய்விட்டது. அதனாலேயே தனியாகக் கண்ணில் படவில்லை.

2015-ல் ஸ்க்ரில்லெக்ஸும் டிப்லோவும் ஜஸ்டின் பீபரின் குரலையே நறுக்கி, வளைத்து ஒரு வாத்தியம்போல வாசித்துக் காட்டினார்கள். அந்த உத்தி அடுத்த சில ஆண்டுகளில் பாப் இசையின் பொதுச் சொத்தானது. கோரஸுக்குப் பதில் வார்த்தையில்லாத டிராப் வைப்பது சாதாரண விஷயமானது. 2013-லேயே அவிச்சி ‘வேக் மீ அப்’ பாட்டில் அமெரிக்க நாட்டுப்புற கிட்டாரோடு ஹவுஸ் பீட்டைச் சேர்த்தபோது, முதலில் மேடையில் கேட்ட ரசிகர்கள் ‘என்னப்பா இது?’ என்று விழித்தார்கள். சில மாதங்களில் அது பல நாடுகளில் முதலிடம் பிடித்தது.

2019 பிப்ரவரியில் மார்ஷ்மெல்லோ, ஃபோர்ட்நைட் வீடியோ கேமுக்குள்ளேயே கச்சேரி நடத்த, ஒரு கோடிப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தார்கள். 2022-ல் டிரேக்கும் பியான்சேயும் அடுத்தடுத்து ஹவுஸ் சார்ந்த ஆல்பம் வெளியிட்டார்கள். பியான்சேயின் ‘ரினைசன்ஸ்’ சிகாகோ, நியூயார்க், டெட்ராய்ட் கிளப்புகளுக்குச் செலுத்திய நன்றிக்கடன் மாதிரியே இருந்தது. 2023-ல் ஸ்க்ரில்லெக்ஸ், ஃபோர் டெட், ஃபிரெட் அகெய்ன் மூவரும் சேர்ந்து நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசிப்பதாக அறிவித்ததும் டிக்கெட்டுகள் சில நிமிடங்களில் காலி. 2024-ல் சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’. அதே ஆண்டுக் கடைசியில் லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கில் தொடர் நிகழ்ச்சி நடத்திய முதல் எலெக்ட்ரானிக் கலைஞரானார் அனிமா. தென்னாப்பிரிக்காவின் அமாபியானோ வேறு, தனி வண்டியில் உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஏன் நிற்கிறது? மூன்று காரணங்கள்

முதல் காரணம், இது செய்யும் வேலை. வரிகளைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, கதையைப் பின்தொடர வேண்டியதில்லை. உடம்பு அசைந்தால் போதும். மொழி தடையாக இல்லாத இசைக்கு நாட்டின் எல்லையும் தடையில்லை. ஆடுவது என்ற தேவை எந்தத் தலைமுறையிலும் காலாவதி ஆவதில்லை. உடை மட்டும்தான் மாறும்.

இரண்டாவது, கழற்றி மாட்டும் தன்மை. டிஜே ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதற்காகவே இந்த டிராக்குகளின் முன்னும் பின்னும் வெறும் தாளத்தை விட்டுவைப்பார்கள். அப்படிச் செய்யப்பட்ட இசை எதோடும் சேரும். ராப், நாட்டுப்புறம், லத்தீன், கே-பாப், குத்து எதுவானாலும் சரி, அடியில் கிக் டிரம்மைப் போட்டுவிட்டால் இணைந்துகொள்ளும். ஒரு வகை பழசானால் அடுத்ததோடு கூட்டு. இடிஎம் தனியாக நின்று யாரோடும் போட்டி போடவில்லை. ஜெயிப்பவர்களின் பாட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது, நுழைவுக் கட்டணம். முதலில் விற்காத ஜப்பான் பெட்டிகள். பிறகு எஃப்எல் ஸ்டூடியோ, ஏபில்டன் போன்ற மென்பொருள்கள். ஸ்டூடியோ வாடகை இல்லை, வாத்தியக்காரர் சம்பளம் இல்லை. படுக்கையறையில் லேப்டாப்போடு உட்கார்ந்த பையனோ பெண்ணோ உலகத் தரத்தில் ஒரு டிராக் செய்துவிட முடியும். மேலே இருப்பவர்கள் சலித்துப்போகும்போதெல்லாம் கீழேயிருந்து புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

‘அமெரிக்காவில் 2017-லேயே ஹிப்-ஹாப்தானே முதலிடத்துக்கு வந்துவிட்டது?’ என்று கேட்கலாம். உண்மைதான். அளவில் இடிஎம் எப்போதும் முதல் பெஞ்ச் மாணவன் இல்லை. ‘பழைய பாட்டையே ரீமிக்ஸ் போட்டுக் காலத்தை ஓட்டுகிறார்கள்’ என்பதும் பாதி சரி. ஐஃபல் 65 குழுவின் 1990களின் ‘ப்ளூ’ பாட்டை 2022-ல் கெட்டா தூசுதட்டி ஹிட்டாக்கியதே சாட்சி. ஆனால் முதலிடம் என்பதும் நிலைத்திருப்பது என்பதும் வேறு வேறு. முதலிடத்தில் இருப்பவருக்குத்தான் இறங்க வேண்டிய நாள் ஒன்று உண்டு.

தமிழ்க் காதுக்கு இது அந்நியமா?

இல்லவே இல்லை. லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்க் கலைஞர் எம்.ஐ.ஏ., தன் முதல் ஆல்பத்தின் பாட்டுகளை ரோலண்டின் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டியை வைத்துத்தான் உருவாக்கத் தொடங்கினார். 2007-ல் வந்த ‘கலா’ ஆல்பத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து நம்மூர் மேளத்தின் அடியையும் கிளப் பேஸையும் ஒன்றாகக் கட்டினார். அவரோடு வேலை செய்த டிப்லோதான் பிற்பாடு மேஜர் லேசர் குழுவின் மூலம் ‘லீன் ஆன்’ தந்தவர். 2015-ல் உலகமே கேட்ட அந்தப் பாட்டின் வீடியோ இந்தியாவில் படமானது. 2021-ல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’க்கு டிஜே ஸ்னேக் ரீமிக்ஸ் போட்டார்.

கோவாவில் 2007-ல் தொடங்கிய சன்பர்ன் விழா, இந்திய நகரங்களில் இந்த இசைக்கென ஒரு டிக்கெட் சந்தையையே உருவாக்கியது. இன்னொரு பக்கம், திருமண வரவேற்பில் ‘டிஜே உண்டு’ என்று சொல்வது மதுரையிலும் சேலத்திலும் சாதாரணமாகிவிட்டது. ‘இந்த டம் டம் சத்தமெல்லாம் நமக்கு ஆகாது’ என்று சொல்லும் மாமாகூட, குத்துப் பாட்டின் அடியில் ஓடும் எலெக்ட்ரானிக் கிக் டிரம்முக்குத்தான் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

விலை கொடுத்தது யார்?

நிலைத்து நிற்பதைக் கொண்டாடும்போது கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடி டிரம் தாளம், ஆயிரக்கணக்கான டிராக்குகளில் வெட்டி ஒட்டப்பட்டது. டிரம் அண்ட் பேஸ் என்ற வகையே அதன்மேல் கட்டப்பட்டதுதான். கோல்மன் அதில் ராயல்டி பார்க்காமலே, வீடின்றி 2006-ல் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் இணையத்தில் வசூலித்துக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். சட்டம் கொடுக்காததை நன்றி கொடுத்தது.

ஸ்வீடனின் அவிச்சி புகழின் உச்சியில், ஓயாத பயணத்தாலும் உடல்நலக் குறைவாலும் களைத்து 2016-ல் மேடையை விட்டு விலகினார். 2018 ஏப்ரலில் ஓமனின் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. ‘ஒரு ஆளும் யுஎஸ்பியும் போதும், தினம் ஒரு ஊர்’ என்று லாபக் கணக்கு போட்டதில், அந்த ஒரு ஆள் மனிதன் என்பதை மறந்துவிட்டார்கள்.

1989-ல் பெர்லினில் சுமார் 150 பேரோடு தொடங்கிய லவ் பரேட், லட்சக்கணக்கானோர் திரளும் விழாவாக வீங்கியது. 2010-ல் டுயிஸ்பர்க் நகரில் நுழைவு வழியில் ஏற்பட்ட நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். அத்தோடு அந்த விழாவும் முடிந்தது. 2013-ல் நியூயார்க் விழா ஒன்றில் போதை மருந்தால் இருவர் இறக்க, கடைசி நாள் நிகழ்ச்சி ரத்தானது. இவையெல்லாம் இசையின் குற்றம் என்பது சோம்பேறித்தனமான வாதம். ஆனால் கூட்டத்தை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் நிர்வாகத்தின் குற்றம் என்பதை மறுக்க முடியாது. தண்ணீர், வெளியேறும் வழி, மருத்துவ உதவி மூன்றும் மேடை விளக்குக்குப் பிறகு வரும் செலவாக இருக்கும்வரை ஆபத்து தொடரும்.

உண்மையான ஆபத்து எங்கே?

இதுவரை வந்த அடிகள் எல்லாம் மேலேயிருந்து விழுந்தவை. வெடிவைத்தார்கள், சட்டம் போட்டார்கள், பங்கு சரிந்தது. கீழே சின்ன அறைகள் இருந்ததால் இசை பிழைத்தது. இப்போது ஆட்டம் காண்பது அந்தக் கீழ்த்தளம்தான்.

பெர்லினில் 22 ஆண்டுகள் ஓடிய வாட்டர்கேட் கிளப், 2024 கடைசி இரவோடு கதவைச் சாத்திவிட்டது. வாடகை ஏறுகிறது, செலவு ஏறுகிறது, பழைய மாதிரி வாரம்தோறும் கூட்டம் வருவதில்லை. கிளப்புகளைப் பொழுதுபோக்குக் கடைகளாக அல்லாமல் கலாச்சார நிலையங்களாக நடத்த வேண்டும் என்று ஜெர்மன் நாடாளுமன்றம் 2021-ல் தீர்மானம் போட்டும் இதுதான் நிலை. பெரிய விழாவுக்கு மாதக்கணக்கில் பணம் சேர்த்துப் போகும் ரசிகரிடம், நடுவில் சின்ன கிளப்புக்குச் செலவழிக்க மிச்சம் இருப்பதில்லை.

பெரிய மேடையில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஐம்பதாயிரம் பேர் முன்னால், கோடிகள் செலவழித்த விளக்குகளுக்கு நடுவே, கூட்டம் விலகி நிற்கும் ஒரு டிராக்கை நாலு முறை போட்டுப் பார்க்க எந்த டிஜேக்கும் துணிச்சல் வராது. அது இருநூறு பேர் அறையில்தான் நடக்கும். செயற்கை நுண்ணறிவு இனி டிராக்குகளை நொடியில் கொட்டித் தரலாம். கருவி மலிவாவது இந்த இசைக்கு எப்போதும் நல்லதாகவே இருந்திருக்கிறது. ஆனால் எது நல்ல டிராக் என்று தீர்ப்பு சொல்ல, வியர்வையோடு ஆடும் ஒரு கூட்டம் வேண்டும். அலமாரியில் 28 ஆண்டுகள் தூங்கிய மும்பை ஆல்பம் சொல்லும் பாடமும் அதுதான்.

ஆக, இடிஎம் அடுத்த பத்தாண்டும் ஹிட் பட்டியலில் இருக்குமா என்ற கேள்விக்குப் பதில், டுமாரோலேண்ட் டிக்கெட் எவ்வளவு வேகமாக விற்கிறது என்பதில் இல்லை. சென்னையிலோ கொச்சியிலோ பெங்களூரிலோ, ஒரு வெள்ளிக்கிழமை இரவில், பெயர் தெரியாத டிஜே ஒருவர் தான் செய்த டிராக்கை நாற்பது பேர் முன்னால் முதல் முறை போட்டுப் பார்க்க ஓர் இடம் கிடைக்கிறதா என்பதில் இருக்கிறது. ஃபெஸ்டிவல் டிக்கெட்டுக்கு ஈஎம்ஐ போடத் தயாராக இருப்பவர்கள், அந்த இருநூறு ரூபாய் நுழைவுக் கட்டணத்தையும் யோசிக்காமல் கொடுத்தால், ஐந்தாவது இரங்கல் செய்தியும் பொய்யாகிவிடும்.